சாட்ஃபீல்ட் ஏரிப் பூங்காவை ஏன் இடித்துக் கட்டினார்கள்? அந்த மரங்களெல்லாம் எங்கே?

லிட்டில்டன்வாசி

வணக்கம். டென்வருக்குத் தென்மேற்கே லிட்டில்டன் பக்கம் குடி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி சாட்ஃபீல்ட் மாநிலப் பூங்காவுக்குப் போகிறோம். 1970களில் வந்த பூங்கா என்கிறார்கள். ஆனால் நீச்சல் கரை, குளியலறைகள், நிழற்கூடங்கள், படகு இறக்கும் சரிவு எல்லாமே புதிதாக இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஏரியைப் பெரிதாக்கினார்கள், அதற்காகப் பூங்காவையே திரும்பக் கட்டினார்கள், தெற்குப் பக்கம் இருந்த மரங்கள் நிறையப் போய்விட்டன" என்றார். அணையை உயர்த்தினார்களா? யார் காசு? இருந்த பூங்காவை ஏன் இடிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நீர்க்கணக்கு

அணையை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

1965 ஜூன் 16 அன்று காசில் ராக், பாமர் லேக் பகுதியில் சில மணி நேரத்தில் 14 அங்குலம் வரை மழை கொட்டியது. பிளம் கிரீக் சாதாரண நாளில் நடந்தே கடக்கக்கூடிய ஓடை. அன்று அதில் விநாடிக்கு சுமார் 1,54,000 கன அடி வெள்ளம் வந்தது. அது சவுத் பிளாட் ஆற்றில் சேர்ந்து டென்வருக்குள் புகுந்தது. 21 பேர் இறந்தார்கள், சேதம் 54 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். செர்ரி கிரீக் பக்கம் 1950லேயே அணை இருந்ததால் அந்தப் பகுதி தப்பியது. அதற்குப் பிறகுதான் ராணுவப் பொறியாளர் படை (இங்கே எல்லோரும் 'கோர்' என்பார்கள்) 1967இல் தொடங்கி 1975இல் சாட்ஃபீல்ட் அணையை முடித்தது.

ஆக, இது வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணை. உள்ளே இருக்கும் இடத்தில் பெரும்பகுதி காலியாகவே இருக்க வேண்டும், வெள்ளம் வந்தால் பிடித்து வைப்பதற்காக. அடியில் சுமார் 27,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி) தண்ணீர் மட்டும் நிரந்தரமாக நிற்கும். அதைச் சுற்றித்தான் பழைய பூங்கா இருந்தது.

பின்னாளில் வந்த யோசனை இதுதான்: காலியாக விட்டிருக்கும் வெள்ள இடத்தில் 20,600 ஏக்கர்-அடியை எடுத்து, நீர் சேமிப்புக்குக் கொடுக்கலாம். வெள்ளத் தடுப்புக்கு அது பெரிய பாதிப்பு இல்லை என்பது கோரின் முடிவு. நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 0.9 டி.எம்.சி. ஏரியின் சாதாரண மட்டம் கடல் மட்டத்திலிருந்து 5,432 அடியாக இருந்தது, இனி 5,444 அடி வரை போகலாம். 12 அடி உயர்வு. காகிதத்தில் ஓர் ஒதுக்கீட்டு மாற்றம், அவ்வளவுதான். ஆனால் கரையோரம் இருந்த நீச்சல் கரை, படகுத்துறை, சாலை, கழிப்பறை, பிக்னிக் இடம் எல்லாம் அந்த 12 அடிக்குள்தான் இருந்தன.

2014 மே மாதம் ராணுவத் துறை அனுமதி கொடுத்தது. செலவு ஏறக்குறைய 17 கோடி டாலர். அதைத் தண்ணீரில் பங்கு வாங்கியவர்களே ஏற்றார்கள்: காசில் ராக் நகரம், ஹைலண்ட்ஸ் ராஞ்ச் என்ற புறநகருக்குத் தண்ணீர் கொடுக்கும் சென்டெனியல் நீர் மாவட்டம் (இங்கே 'நீர் மாவட்டம்' என்றால் தண்ணீருக்கான தனி உள்ளாட்சி அமைப்பு), கீழ்ப்பக்கத்து விவசாயிகளுக்கான சென்ட்ரல் கொலராடோ நீர்ப் பாதுகாப்பு மாவட்டம், மாநில நீர் வாரியம் முதலானவர்கள். வேலையை நடத்த 2015இல் 'சாட்ஃபீல்ட் ரிசர்வாயர் மிட்டிகேஷன் கம்பெனி' என்று ஒன்றை அமைத்தார்கள். பேரிலேயே பாருங்கள், இழப்பீடு செய்வதற்கென்றே அமைத்த நிறுவனம். செலவில் பெரும்பகுதி பூங்காவைத் திரும்பக் கட்டவும் போன வாழிடத்துக்கு ஈடு செய்யவும்தான் போனது. அந்த வேலைகள் முடிந்த பிறகு, 2020 வசந்தத்தில்தான் கூடுதல் தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

லிட்டில்டன்வாசி

ரொம்ப நன்றி அண்ணா. அப்படியென்றால் நாங்கள் பார்க்கும் புதுக் கட்டடங்கள் எல்லாம் தண்ணீர் வாங்கியவர்கள் கட்டிக் கொடுத்ததா?

நீர்க்கணக்கு

ஆமாம். மூழ்கப் போகும் ஒவ்வொரு வசதிக்கும் அதே தரத்தில் ஒன்றை மேட்டில் கட்டித் தர வேண்டும் என்பது நிபந்தனை. பூங்காவை நடத்தும் மாநிலத் துறைக்கு அதில் நட்டம் வரக் கூடாது.

கரைச்சரிவு

நான் வேறொரு மாநிலத்தில் பூங்கா வடிவமைப்பில் வேலை செய்கிறேன். அதனால் இதில் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை.

"மேலே தள்ளிக் கட்டினால் போதும்" என்று நினைப்பார்கள். நிலையாக 12 அடி ஏறி நிற்கும் ஏரி என்றால் அது சரி. இங்கே தண்ணீர் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். மே, ஜூனில் பனி உருகி வரும்போது ஏறும், கோடை முடிவில் எடுத்துப் பயன்படுத்தும்போது இறங்கும். சில வருடம் ஏறவே ஏறாது. ஆக, ஒரே நீச்சல் கரை மேல் மட்டத்திலும் கீழ் மட்டத்திலும் பயன்பட வேண்டும்.

மணல் கரையின் சரிவு நூறுக்கு ஐந்து என்று வையுங்கள். தண்ணீர் ஓர் அடி இறங்கினால் கரை 20 அடி பின்வாங்கும். 12 அடி இறங்கினால் 240 அடி. நிழற்கூடத்திலிருந்து தண்ணீருக்கு அவ்வளவு தூரம் மணலில் நடக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு என்ன வழி? சரிவைக் கூட்டினால் தூரம் குறையும், ஆனால் சிறு பிள்ளைகள் இரண்டடி எடுத்து வைத்ததும் ஆழம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடிக்க வேண்டும்.

படகுச் சரிவும் அப்படியே. பொதுவாக நூறுக்கு 12 முதல் 15 வரை சரிவு வைப்போம். டிரெய்லர் இறங்க அது வேண்டும், அதைவிடச் செங்குத்தானால் வண்டி வழுக்கும். 12 அடி ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் 80 முதல் 100 அடி நீளக் கான்கிரீட் கூடுதலாக வேண்டும். மேலே வாகனங்கள் திரும்ப இடம் வேண்டும், நிறுத்துமிடம் இன்னும் மேலே போக வேண்டும். கழிப்பறை நகர்ந்தால் கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, குடிநீர் எல்லாம் கூடவே நகரும். சாலை நகரும். நிலத்தையே மண் கொட்டி உயர்த்த வேண்டிய இடங்களும் உண்டு. இத்தனையும் பூங்காவை ஒரேயடியாக மூடாமல், பகுதி பகுதியாக அடைத்து, 2017 கடைசியில் தொடங்கிச் சில வருடங்களில் செய்தார்கள். வருடம் 10 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்து போகிற இடம் அது. செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ராஞ்ச்_அப்பா

நான் ஹைலண்ட்ஸ் ராஞ்ச். இந்தத் தண்ணீரில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

டென்வரின் தெற்குப் புறநகர்கள் பல காலமாக ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் வளர்ந்தன. டாசன், டென்வர், அரபஹோ, லாரமி-ஃபாக்ஸ் ஹில்ஸ் என்று பூமிக்கடியில் நான்கு நீர்ப்படுகைகள். எடுக்கும் வேகத்துக்கு மழை அதை நிரப்பாது. மட்டம் இறங்க இறங்க, ஒரு கிணறு கொடுத்த தண்ணீருக்கு இரண்டு மூன்று கிணறு தோண்ட வேண்டி வருகிறது. மேற்பரப்பு நீருக்கு மாறியே ஆக வேண்டும்.

எங்கே சேமிப்பது? மேலே சவுத் பிளாட்டில் டூ ஃபோர்க்ஸ் என்ற பெரிய அணை, 11 லட்சம் ஏக்கர்-அடி, திட்டமிட்டார்கள். அது வந்திருந்தால் ஓர் அழகான பள்ளத்தாக்கு முழுக்கப் போயிருக்கும். 1990இல் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு அதைத் தடுத்தது. நல்லதுதான். அதற்கு அப்புறம் புது அணை வேண்டாம், இருப்பதையே நன்றாகப் பயன்படுத்துங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். சாட்ஃபீல்ட் அதைத்தான் செய்தது. புதிதாக ஓர் ஆற்றை மறிக்கவில்லை, யாரையும் வீட்டை விட்டுக் கிளப்பவில்லை. இதையும் வேண்டாம் என்றால் எங்கே போவது?

சிட்டுக்கண்

ராஞ்ச்_அப்பா சார், உங்கள் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் இதுவரை கான்கிரீட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் பேச்சு. கேள்வியின் இரண்டாவது பாதி மரம். அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

5,432க்கும் 5,444க்கும் நடுவில் இருந்தது சுமார் 587 ஏக்கர். அதில் புல்வெளி உண்டு, ஈரநிலம் உண்டு, பிளம் கிரீக்கும் சவுத் பிளாட்டும் ஏரியில் சேரும் இடங்களில் முதிர்ந்த காட்டன்வுட் (ஆற்றோரம் வளரும் பெரிய மரம்) தோப்புகள் உண்டு. வறண்ட சமவெளியில் பறவைகளுக்கு இந்த ஆற்றோரத் தோப்புதான் எல்லாமே. சாட்ஃபீல்டில் 300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருப்பது ஏரியால் மட்டும் இல்லை, தோப்பும் தண்ணீரும் மலையடிவாரமும் ஒரே இடத்தில் சந்திப்பதால்.

மரங்களை வெட்டினார்கள் என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெட்டாமல் விட்டிருந்தாலும் தாழ்வான இடத்தில் இருந்தவை பிழைத்திருக்காது. காட்டன்வுட் சில வாரம் வேரில் தண்ணீர் நின்றால் தாங்கும், வளரும் பருவம் முழுக்க நின்றால் செத்துவிடும். செத்த மரம் விழுந்து மிதந்தால் படகுக்கும் ஆபத்து, அணையின் வெளியேற்று வாயிலுக்கும் ஆபத்து. தழையும் கட்டையும் நீருக்குள் அழுகினால் பாஸ்பரஸ் ஏறி பாசி பிடிக்கும். ஏற்கெனவே பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தனி விதி இருக்கிற ஏரி இது. ஆக வெட்டியதற்குக் காரணம் உண்டு. என் வருத்தம் வெட்டியதில் இல்லை. ஈடு செய்ய முடியும் என்று எளிதாகச் சொல்லிவிடுவதில்தான்.

காட்டன்வுட் எப்படி முளைக்கிறது என்று பாருங்கள். ஜூன் வாக்கில் பஞ்சோடு விதை பறக்கும். அது விழும்போது வெள்ளம் அப்போதுதான் வடிந்த, செடி இல்லாத ஈர மணல் வேண்டும். அப்புறம் அந்த ஈரம் மெதுவாக, ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் அளவில் கீழே இறங்க வேண்டும், வேர் அதைத் துரத்திக்கொண்டே போகும். வேகமாக இறங்கினால் கன்று காய்ந்துவிடும். மறு வருடம் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டும் போகக் கூடாது. இத்தனையும் ஒரே வருடத்தில் கூடி வருவது அபூர்வம். அணை கட்டிய ஆற்றில் இன்னும் அபூர்வம். அப்படித் தப்பிய கன்று பொந்து விழும் அளவுக்கு முதிர அரை நூற்றாண்டு வேண்டும். மரங்கொத்தியும் ஆந்தையும் தேடுவது அந்தப் பொந்தைத்தான். நீச்சல் கரையை ஒரு பருவத்தில் மாற்றிக் கட்டலாம். தோப்பை அப்படி நகர்த்த முடியாது.

பிளம்ஓடை

அந்தப் புகழ்பெற்ற எலி விஷயம் என்ன ஆயிற்று?

சிட்டுக்கண்

ப்ரெபிள் தாவும் எலி. ஓடைக்கரைப் புதரில் வாழும், உடலைவிட நீளமான வால். 1998இலிருந்து மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பூங்காவுக்குள்ளேயே அதன் வாழிடம் கொஞ்சம் போவதால், ஈடு செய்ய வெளியே போக வேண்டியிருந்தது. இழப்பை 'சூழல் செயல்பாட்டு அலகு' என்ற கணக்கில் எடை போட்டார்கள். எலி, பறவை, ஈரநிலம் மூன்றுக்கும் ஒரு நிலம் எவ்வளவு பயன்படுகிறது என்று மதிப்பெண் போடுவது போல. போன அலகுகளுக்கு ஈடாகப் பூங்காவுக்குள் சில இடங்களைச் சீர்செய்தார்கள், பிளம் கிரீக் மேற்பகுதியில் தனியார் நிலங்களுக்குப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள். இன்னும் மேலே பைக் தேசியக் காட்டில் ஷுகர் கிரீக் என்ற ஓடை இருக்கிறது. பக்கத்து மண்சாலையிலிருந்து வண்டல் வழிந்து அதில் சேர்ந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கவும் வேலை செய்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை பூங்காவுக்குள் பிளம் கிரீக்கில் செய்தது. ஓடை தன் படுகையைத் தானே அரித்து ஆழத்துக்குப் போயிருந்தது. இரண்டு பக்கத்து நிலத்துக்கும் ஈரம் எட்டாமல் போய்விட்டது. படுகையை உயர்த்தி, வெள்ளம் வந்தால் பக்கத்து நிலத்தில் பரவும்படி செய்தார்கள். வில்லோ, காட்டன்வுட் நட்டார்கள். மேலே சொன்ன ஈர மணல் இயற்கையாகவே கிடைக்க இது ஒன்றுதான் வழி.

வழக்குவாசகி

நீதிமன்றக் கதையையும் சேர்க்கிறேன், அதில் பூங்கா வருகிறது.

டென்வர் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் கோர் மீது வழக்குப் போட்டது. மத்திய நீர்த் தூய்மைச் சட்டப்படி ஈரநிலத்தில் மண் கொட்டுவதானால், அதைவிடக் குறைந்த பாதிப்புள்ள வேறு வழி நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோர் அந்தச் சோதனையைப் பூங்கா வசதிகளை மாற்றிக் கட்டும் வேலைக்கும் ஈடு செய்யும் வேலைக்கும் மட்டும் செய்தது. ஏரியில் தண்ணீர் சேர்ப்பதற்குச் செய்யவில்லை. தண்ணீர் சேர்ப்பது மண் கொட்டுவது ஆகாது என்பது அதன் வாதம். ஒரே திட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள், மொத்தத்துக்கும் மாற்று வழி பார்க்க வேண்டும் என்றது ஆடுபான். மாவட்ட நீதிமன்றம் கோர் பக்கம் நின்றது, 2018இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

தீர்ப்பைச் சட்டமாக ஏற்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. நீச்சல் கரைக்கு மண் கொட்டுவது சோதனைக்கு உட்படும், தோப்பு மூழ்குவது உட்படாது என்றால், பெரிய இழப்புக்குத்தானே சோதனை குறைகிறது? வேறு வழிகளும் ஆய்வில் இருந்தன. 7,700 ஏக்கர்-அடி மட்டும் சேர்த்து, மட்டத்தை 5,437இல் நிறுத்தி, மீதியை நிலத்தடி நீரிலும் கீழ்ப்பக்கத்துப் பழைய சரளைக் குழிகளிலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒன்று. அது தேர்வாகியிருந்தால் தோப்பில் கணிசமான பகுதி தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ராஞ்ச்_அப்பா

சரளைக் குழிகள் எங்களுக்குக் கீழே, ஆற்றின் வடக்குப் பக்கம் இருக்கின்றன. அங்கே சேமித்த தண்ணீரை மேலே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர பம்பும் குழாயும் மின்சாரமும் வேண்டும். அதையும் கணக்கில் எடுங்கள்.

வழக்குவாசகி

எடுக்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கை மொத்தத் திட்டத்துக்கும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வதும்.

நீர்க்கணக்கு

எல்லோரும் 20,600 என்ற எண்ணை வைத்தே பேசுகிறோம். அது இடத்தின் அளவு. அந்த இடம் ஒவ்வொரு வருடமும் நிரம்பாது.

கொலராடோவில் ஆற்று நீருக்கு முதலில் உரிமை பதிந்தவருக்கே முதல் பங்கு. 1860களில் பதிந்த கீழ்ப்பக்கத்து வாய்க்கால்கள் முன்னால் நிற்கும். சாட்ஃபீல்டில் புதிதாகச் சேமிக்கிறவர்களின் உரிமைகள் பெரும்பாலும் பந்தியில் கடைசி இலை. முன்னால் உள்ளவர்கள் எல்லோரும் எடுத்த பிறகும் ஆறு ஓடினால்தான் இவர்களுக்கு. ஆகவே நல்ல பனி வருடத்தில் நிறையக் கிடைக்கும், வறண்ட வருடத்தில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சராசரியாக வருடத்துக்கு 8,500 ஏக்கர்-அடி என்பது ஆய்வின் மதிப்பீடு. எதிர்த்தவர்களின் முக்கியமான வாதமும் இதுவே: வறட்சியில் நம்ப முடியாத தண்ணீருக்கு நிரந்தரமான தோப்பைக் கொடுக்கிறோம்.

என் கருத்து இரண்டுக்கும் நடுவில் இல்லை, வெளிப்படையாகச் சொல்கிறேன். திட்டம் வேண்டியிருந்தது. வெள்ள வருடத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் வறட்சி வருடத்தில் கிணற்றைக் குறைவாக இறைக்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை 17 கோடி டாலரோடு முடியவில்லை. பூங்காவுக்கு வருகிறவர் புது நிழற்கூடத்தைப் பார்த்து "நமக்கு லாபம்" என்று நினைத்துக்கொண்டு போகிறார். அந்த நிழற்கூடம் ஈட்டுத் தொகையில் கொடுக்கச் சுலபமான பகுதி. நட்ட மரமும் சீர்செய்த ஓடையும் உயிர் பிடித்தனவா என்று பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கடினமான பகுதி. அதற்குப் பணமும் ஆளும் தொடர்ந்து வருகிறதா என்று தண்ணீர் குடிக்கிறவர்கள் கேட்க வேண்டும்.

மீன்பிரியன்

மீன் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாநில மீன்வளத் துறை 'வால்ஐ' (walleye) என்ற மீனின் முட்டை எடுக்கும் மூன்று ஏரிகளில் சாட்ஃபீல்ட் ஒன்று (மற்றவை செர்ரி கிரீக், பியூப்ளோ). மார்ச் கடைசியில் மீன்கள் அணைக்கட்டின் பாறைகளை ஒட்டி முட்டையிட வரும். வலை போட்டுப் பிடித்து, முட்டையை எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விடுவார்கள். அந்தக் குஞ்சுகள் மாநிலம் முழுக்கப் போகின்றன. மட்டம் ஏறி இறங்கினால் இது பாதிக்காதா?

நீர்க்கணக்கு

முட்டை எடுக்கும் காலம் மார்ச், ஏப்ரல். கூடுதல் தண்ணீர் பெரும்பாலும் மே மாதத்துக்குப் பிறகே ஏறும். முட்டையிடும் நேரத்தில் மட்டம் திடீரென இறங்காமல் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. கோடையில் இறங்கும்போது கரையோரச் செடி கொடி வெளியே வந்துவிடும், சிறு மீன் ஒளிந்துகொள்ள இடம் குறையும். கவனிக்க வேண்டியது அதை.

பிளம்ஓடை

நல்லதாக ஒன்று சேர்க்கிறேன். இந்தக் கூடுதல் இடத்தில் சுமார் 2,100 ஏக்கர்-அடியைச் சுற்றுச்சூழலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறு வற்றும் சமயத்தில் அதைத் திறந்துவிட்டால், டென்வர் நகருக்குள் ஓடும் பகுதியில் மீனுக்கும் மக்களுக்கும் கொஞ்சம் நீர் ஓடும். அந்தத் தண்ணீர் கடைசியில் கீழ்ப்பக்க உபயோகத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை.

சிட்டுக்கண்

ஆமாம், அந்த ஒதுக்கீட்டுக்காக உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

லிட்டில்டன்வாசி

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு கேள்வி. மட்டம் ஏறினால் பூங்கா திரும்ப மூழ்குமா? 2015இல் நீச்சல் கரையே தண்ணீருக்குள் போனதாகப் பெரியவர் சொன்னார்.

கரைச்சரிவு

2015 வசந்த மழையில் வெள்ளத் தண்ணீரைப் பிடித்து வைத்தபோது அது நடந்தது. அப்போது ஒதுக்கீடு மாறவில்லை. அணை தன் வேலையைச் செய்தது, கரை மூழ்கியது. இனியும் பெருவெள்ளம் வந்தால் 5,444ஐத் தாண்டி ஏறும், புதுக் கட்டடங்களில் சிலவும் நனையும். வெள்ள இடத்துக்குள் கட்டும் எதையும் நனைந்து எழுந்திருக்கும்படிதான் கட்ட வேண்டும்: கான்கிரீட், கல், மேலே தள்ளி வைத்த மின் பெட்டி.

சிட்டுக்கண்

பிள்ளைகளை அடுத்த முறை நீச்சல் கரைக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். தெற்குப் பக்கம் பிளம் கிரீக் பிக்னிக் பகுதியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடையோரம் நடங்கள். நட்ட வில்லோவும் எஞ்சிய பெரிய காட்டன்வுட்டும் அங்கே இருக்கும். மே மாதம் காலையில் போனால் பறவைகள் அதிகம். பைனாகுலர் இல்லை என்றால் வாட்டர்டன் சாலையில் ஆடுபான் மையம் இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகும் நடைகளும் வைக்கிறார்கள்.

ராஞ்ச்_அப்பா

நானும் வருகிறேன். நாங்கள் குடிக்கும் தண்ணீருக்காகப் போன தோப்பு இருந்த இடத்தை நானே இன்னும் நடந்து பார்த்ததில்லை. எங்கள் நீர் மாவட்டக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் கொடுப்பார்கள். மரங்களின் கண்காணிப்பு அறிக்கை வருடா வருடம் வருகிறதா, அதை எங்கே படிக்கலாம் என்று அங்கே கேட்டுவிட்டு, பதிலை இங்கேயே எழுதுகிறேன்.